வெங்காயம் பச்சையாக

பர்கர் அடுக்கத் தெரியாதவர்கள்தான் இந்த உலகத்தில் அதிகம். பாதி ஆயுளைக் கறி வாட்டுகிற கல்லின் முன்னால் நின்று கழித்தவள் சொல்கிறேன், நம்பலாம். ஒருத்தருக்குச் சீஸ் கறிக்கு மேலே வேண்டும், அடுத்தவருக்குக் கீழே. இன்னொருவர் தக்காளியை எடுத்துவிடச் சொல்வார், அதே வாயால் தக்காளி சாஸை அள்ளிப் போடச் சொல்வார். ஒரு அம்மாள் வாரா வாரம் வந்து பன் இல்லாமல் பர்கர் கேட்கிறாள். அதற்குப் பெயர் பர்கர் இல்லை, வெறும் கறி என்று சொன்னதற்கு முதலாளியிடம் என்னைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஆளுக்கொரு ரசனை என்கிறார் முதலாளி. ரசனை இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் சரி என்று ஒன்றும் தப்பு என்று ஒன்றும் இருக்கத்தானே செய்கிறது.

சரியானது எது என்று கேட்டால் சொல்கிறேன். பன்னின் உட்பக்கத்தை மட்டும் வெண்ணெயில் பொன்னிறமாக வாட்ட வேண்டும். அடிப் பன்னில் சாஸ் மெல்லிசாக. அதற்கு மேல் லெட்டூஸ் இலை, இல்லாவிட்டால் கறியின் சாறு இறங்கி பன் சொதசொதவென்று ஆகிவிடும். இலைக்கு மேல் வட்டமாகத் தட்டிய கறி. கறி கல்லில் இருக்கும்போதே சீஸை அதன் தலையில் வைத்துவிட வேண்டும், அது உருகி நாலு பக்கமும் வழியும். அதன் மேல் வெங்காயம், நன்றாக வதக்கியது. பச்சை வெங்காயத்தைப் போட்டால் வேறு எதுவும் நாக்குக்குத் தெரியாது, வயிற்றுக்கும் கேடு. கடைசியில் வினிகரில் ஊறவைத்த வெள்ளரி இரண்டு மூன்று வில்லை, மேல் பன், உள்ளங்கையால் ஒரு அழுத்து. இதில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. மாற்றித் தா என்று கேட்கிறவர்களுக்கு மாற்றித்தான் தருகிறேன், சம்பளம் வாங்குகிறேனே.

பழைய கடையை மூடிய பிறகு போன மழைக்காலத்தில் இந்தக் கடைக்கு வந்தேன். இங்கே ஆர்டரை எழுதுகிற பழக்கம் கிடையாது. முன்பக்கம் கவுண்டரில் இருப்பவளை நாங்கள் மைக் என்று கூப்பிடுவோம், அந்தத் தொண்டைக்கு வேறு பெயர் பொருந்தாது. அவள் ஆர்டரை வாங்கி ஜன்னல் வழியாகக் கத்துவாள். கல்லில் நிற்கிற நான் அதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் கறி கல்லில் விழும். போனில் வருகிற ஆர்டருக்கும் அதே கதைதான். எங்கள் கூச்சல் வாடிக்கையாளர் காதில் விழாமல் இருக்க மைக் போனை உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள், நான் சொல்லி முடித்ததும் கையை எடுத்து, சரிங்க, அனுப்பறோம் என்பாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் அப்படித்தான் போனைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"ஒரு பர்கர், பார்சல். பன் ரெண்டு பக்கமும் கருக வாட்டணும். சீஸ் கறிக்கு அடியில. வெள்ளரி வில்லை போட வேணாம், நீளமா ஒரே துண்டு. வெங்காயம் பச்சையா, ரெண்டு மடங்கு. கட்டும்போது தலைகீழா கட்டணும்."

நானும் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தேன். தலைகீழா என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மைக் இரண்டு முறை அக்கா, அக்கா என்று கத்திய பிறகுதான் அந்த வார்த்தை வெளியே வந்தது.

பர்கரைத் தலைகீழாகத் தின்கிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். என் மகள். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவளுக்கு நான் பழைய கடையிலிருந்து பர்கர் கொண்டு வருவேன். பொட்டலத்தைப் பிரித்ததும் அதைக் கவிழ்த்துவிடுவாள். மேல் பன்தான் தடிமன், சாறு இறங்கினால் தாங்கும், அதனால் அதுதான் அடியில் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. இத்தனை பேர் இத்தனை காலமாக முட்டாள்களா என்று கேட்டுவிட்டு நான் நேராக்கி வைப்பேன். அவள் மறுபடியும் கவிழ்ப்பாள். அவள் அப்பா இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே தன் பங்கைத் தின்று முடித்துவிடுவார்.

அந்த மகள் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டாள்.

என்ன நடந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன், பிறர் சொன்னால் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள். வாடிக்கையாளர்களின் போன்களுக்குப் பதில் சொல்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை, ராத்திரி ஷிப்ட். பகலில் தூக்கம் வராது. சாப்பாடு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நெஞ்செரிச்சல் உண்டு, பச்சை வெங்காயம், அதிகப் புளிப்பு எதுவும் ஆகாது. கண்ணுக்கு முன்னால் பிள்ளை துரும்பாகிக்கொண்டிருந்தால் பெற்றவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா? ஒரு நாள் நேராக அவள் ஆபீசுக்குப் போனேன். மேனேஜரைப் பார்த்து, இந்தப் பெண்ணின் உடம்பு ராத்திரி வேலையைத் தாங்காது, பகலுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். நல்ல மனிதர், உட்காரச் சொல்லி முழுவதையும் கேட்டுக்கொண்டார். பகலுக்கும் மாற்றிவிட்டார். அந்த ராத்திரிக் குழுவுக்கு அவளைத்தான் தலைவியாகப் போடுவதாக இருந்தார்களாம், அதைப் பக்கத்து மேஜைக்காரிக்குக் கொடுத்துவிட்டார்கள். இது எனக்கு எப்படித் தெரியும்?

அவள் சத்தம் போடவில்லை. "உன்னை யாரும்மா கேட்டா?" என்றாள், அவ்வளவுதான். அந்த வாரமே துணிமணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெற்றவளை யார் கேட்க வேண்டும் என்று நான் கேட்டேன், கேட்பதற்கு வீட்டில் அவள் இல்லை.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை கல்லின் முன்னால் அப்படி நின்றேன். பச்சை வெங்காயம் மட்டும்தான் இடித்தது. அவளாக இருந்தால் பச்சை வெங்காயம் கேட்பாளா, அதுவும் இரண்டு மடங்கு? இருந்தாலும் சொன்னபடியே அடுக்கினேன். தலைகீழாக வைத்துக் கட்டினேன். பார்சலை எடுத்துப் போகிறவருக்கு ஹெல்மெட் என்று பெயர், சாப்பிடும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார். போய்விட்டு வந்ததும், வாங்கியது எப்படி இருக்கிற ஆள் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். இளவயசுப் பெண் என்றார். கதவைப் பாதிதான் திறந்தாளாம், இடது கையால் வாங்கிக்கொண்டாளாம், வாயில் தலைமுடியின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாளாம்.

அந்த முடியைக் கடிக்கிறதற்காக அவளுக்கு நான் எத்தனை அடி போட்டிருப்பேன். கை துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெங்காயம் நறுக்குகிற இடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. சனிக்கிழமை லீவு எடுப்பதை நிறுத்தினேன். விலாசத்தைக் கேட்கவில்லை, நான் போய் நின்றால் அந்தப் பாதிக் கதவும் சாத்திக்கொள்ளும். காலையிலேயே கறியில் நல்ல பங்கை எடுத்து ஒதுக்கி வைத்துவிடுவேன். அவள் கறியை மற்றவற்றோடு கல்லில் போட மாட்டேன், மூலையில் தனியாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். பன்னைக் கருக்கச் சொன்னால் கருக்கினேன். சீஸை அடியில் வைக்கச் சொன்னால் வைத்தேன். அது தப்பு, உருகாது, கெட்டியாக நிற்கும், ஆனாலும் வைத்தேன். என் கையால் செய்ததை அவள் தின்கிறாள் என்ற நினைப்பிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

இந்தச் சந்தோஷத்தை எத்தனை நாள் தனியாக வைத்துக்கொண்டிருப்பது? அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் பஸ் ஓட்டுகிறவர். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படுவார், எழுந்து நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைத் தூக்காமல், அந்தக் கடை அவளுக்குப் பிடித்திருக்கிறதாம், சொன்னாள் என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. எப்போது சொன்னாள் என்று கேட்டேன். இன்னொரு ஷூவையும் கழற்றி வைத்தார். கடைசியில் வந்தது. அவள் வேலைக்குப் போவது இவர் பஸ்ஸில்தான். முன்வாசலில் ஏறி இவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்துகொள்வாளாம். இறங்குகிற வரைக்கும் பேச்சாம். வேறு கம்பெனி, மறுபடியும் ராத்திரி வேலை, இவருக்குக் காலை டூட்டி என்றால் திரும்பி வருவதும் இவர் பஸ்ஸிலேயாம். வீட்டை விட்டுப் போன மாதத்திலிருந்தே இப்படித்தான் நடக்கிறது.

இரண்டு வருடமாக நான் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, பிள்ளை உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று நான் அழுததைப் பார்த்துக்கொண்டு, இந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று பஸ்ஸில் எழுதிப் போட்டிருக்கிறதே, உங்கள் மகளுக்குப் படிக்கத் தெரியாதா என்று கேட்டேன். அந்த ஆத்திரத்தில் வேறு என்னென்னவோ கேட்டேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"சொல்லாதீங்கன்னு அவதான் கேட்டுக்கிட்டா," என்றார். "இப்பவும் நீ அந்தக் கடையில இருக்கறது பாப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஆர்டர் நின்னுடும். அவ கேக்கற மாதிரியே செஞ்சு குடு. ஒண்ணைக் கூட்டாத, ஒண்ணைக் குறைக்காத. உன்கிட்ட நான் கேக்கறது அவ்வளவுதான்."

எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார். எனக்குத் தெரியாதா? ஆர்டர் நின்றால் எனக்கு அவளைப் பற்றிக் கிடைப்பதற்கு ஹெல்மெட் கொண்டுவருகிற நாலு வார்த்தைகூட இல்லாமல் போய்விடும். அதனால் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடி அடுக்கினேன்.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை ஹெல்மெட் திரும்பி வந்து, அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றார். முகம் வெளுத்திருந்ததாம். நெஞ்சைக் கையால் தேய்த்துக்கொண்டே பார்சலை வாங்கினாளாம்.

நெஞ்செரிச்சல். வேறு என்ன? வாரா வாரம் பச்சை வெங்காயத்தை இரண்டு மடங்கு நறுக்கி என் கையாலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ ஒரு வாடிக்கையாளர் என்றால் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகலாம். தெரிந்தே என் பிள்ளைக்கு நான் கொடுப்பதா? அடுத்த சனிக்கிழமை பச்சையா, ரெண்டு மடங்கு என்று வாயால் திருப்பிச் சொன்னேன். கை வெங்காயத்தைக் கல்லில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டியது. முழுக்க வதக்கவில்லை, காரம் போகிற அளவுக்கு மட்டும். தின்கிறவளுக்குத் தெரியக்கூடாது என்று நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட்டேன்.

புகார் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. அடுத்த வாரம் மைக், "வெங்காயம் பச்சையாங்கறதை ரொம்ப அழுத்திச் சொல்றாங்கக்கா," என்றாள். சரி என்று ஒரு கை பச்சையும் ஒரு கை வதக்கியதுமாகக் கலந்து போட்டேன். அதற்கு அடுத்த வாரம் பன் கருகினால் வயிற்றுக்கு ஆகாது என்று தோன்றியது, பொன்னிறத்தில் எடுத்தேன். சீஸைக் கறியின் தலைக்கு ஏற்றினேன். அது உருகி வழிந்ததைப் பார்த்ததும் எனக்கே மனசு நிறைந்தது. ராத்திரியெல்லாம் கண் விழிக்கிற உடம்பாயிற்றே என்று ஒரு முட்டையையும் பொரித்து உள்ளே வைத்தேன், அதற்கு என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். முட்டை வைத்த பர்கரைத் தலைகீழாகக் கட்டினால் கலைந்துபோகும். அதனால் நேராகவே கட்டினேன். அதுவரைக்கும் அடுக்கியதிலேயே அதுதான் அழகான பர்கர் என்று மைக்கிடம்கூடக் காட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை ஆர்டர் வரவில்லை. மதியம் போனது, மாலை ஆனது. ஒதுக்கி வைத்த கறி ஒதுக்கி வைத்தபடியே இருந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் நான் ஜன்னலுக்கு ஓடி வருவதைப் பார்த்து மைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் அவள் அப்பா எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். என்ன செய்தாய் என்று கேட்டார். முட்டை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன், ஒளிக்க என்ன இருக்கிறது? அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றார். வெங்காயத்தைப் புரட்டிய அன்றைக்கே சந்தேகம் வந்ததாம். முட்டையைப் பார்த்ததும், அம்மா அந்தக் கடையிலா இருக்கிறாள் என்று பஸ்ஸில் ஏறியதும் கேட்டாளாம். இவரால் பொய் சொல்ல முடியவில்லை.

"வேற என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. இறங்கற வரைக்கும் பேசவே இல்ல."

அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனதே உங்களுக்குத் தெரியாதா, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்றாளாமே என்று கேட்டேன். சளி பிடித்திருந்தது, இருமலில் நெஞ்சு வலித்தது, இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்றார். பச்சை வெங்காயம் அவளுக்கு இப்போதெல்லாம் ஒன்றும் செய்வதில்லையாம், எத்தனையோ நாளாகச் சாப்பிடுகிறாளாம். அவர் சொல்வதை எப்படி நம்புவது? பெற்று வளர்த்த எனக்குத் தெரியாத வயிறா?

நம்பவில்லைதான். ஆனாலும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமைவரை கல்லில் என் கை சரியாக ஓடவில்லை, இரண்டு கறியைக் கருக்கி முதலாளியிடம் பேச்சு வாங்கினேன். இனி ஒரே ஒரு முறை கேட்கட்டும், வெங்காயத்தைப் பச்சையாக மூட்டையே கட்டி அனுப்புகிறேன் என்று யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மதியம் போன் அடித்தது. மைக் கத்தவில்லை. ஜன்னலுக்குள் தலையை நீட்டி, மெதுவான குரலில் பேசினாள். அவளுக்கு அப்படிப் பேசத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அக்கா, அந்தச் சனிக்கிழமை ஆளு. பன் தனியா. கறி தனியா. சீஸ் தனியா. வெள்ளரி தனியா. வெங்காயம் பச்சையா, தனியா. அடுக்க வேணாமாம். அவங்களே வீட்டுல அடுக்கிக்குவாங்களாம்." போனைப் பொத்திய கையைப் பார்த்துக்கொண்டாள். "கல்லுல நிக்கறவங்க திருப்பிச் சொல்றதைக் கேக்கணுமாம்."

போனிலிருந்து உள்ளங்கையை எடுத்துவிட்டு, அதன் வயர் எட்டுகிற வரைக்கும் ஜன்னலுக்குள் நீட்டினாள்.

புகை இழுக்கிற மின்விசிறியை நிறுத்தினேன். சமையலறையே சத்தம் இல்லாமல் ஆகிவிட்டது. போனில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கண்ணு, நல்லா இருக்கியா என்று கேட்டிருக்கலாம். சளி போயிடுச்சா, ராத்திரி வேலைக்கு நடுவுல ஏதாவது சாப்பிடறியா என்று கேட்டிருக்கலாம். நான் செஞ்சது உன் நல்லதுக்குத்தானே என்று சண்டையாவது போட்டிருக்கலாம். எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாலும் அந்த மூச்சு நின்று போன் வைக்கப்படும் என்று எனக்குத் தெரிந்தது.

"பன் தனியா," என்றேன். "கறி தனியா. சீஸ் தனியா. வெள்ளரி தனியா." வெங்காயத்தில் வந்து நின்றுவிட்டேன். உனக்கு ஆகாதேடி என்பதுதான் வாயில் இருந்தது. அதை முழுங்கினேன். "வெங்காயம் பச்சையா, தனியா. அடுக்க வேணாம்."

"சரி," என்றது அந்தப் பக்கம். என் மகளின் குரல்தான், கொஞ்சம் கனத்திருந்தது. அதோடு போனை வைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டினேன். ஹெல்மெட் பையைத் திறந்து பார்த்து, பர்கர் எங்கே என்று கேட்டார். அதற்குள்தான் இருக்கிறது, பேசாமல் கொண்டுபோங்கள் என்று விரட்டினேன்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் மைக் போனை ஜன்னலுக்குள் நீட்டுகிறாள். நான் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன், பன் தனியா, கறி தனியா என்று. அவள் சரி என்கிறாள். பச்சை வெங்காயம் அவளுக்கு ஆகாது, இதை எந்தச் சபையிலும் சொல்வேன், அவளிடம் மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தச் சரியும் எனக்குக் கிடைக்காது.